பூவரசங்கொப்பு வைத்த குழி

ஐம்பத்துமூன்று வயதில் கியர் சைக்கிள் வாங்கியவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்று சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிற மனிதன், தலையில் ஹெல்மெட்டும் முழங்காலில் கவசமும் போட்டுக்கொண்டு பற்றைக்காட்டுக்குள் போனால் சிரிக்கத்தான் செய்வார்கள். சந்தியில் ஒருவர், "சேர், றோட்டு நல்லாய்ப் போட்டுத்தானே கிடக்கு" என்று கேட்டே விட்டார். போட்டுத்தான் கிடக்கிறது. எனக்கு வேண்டியது றோட்டு இல்லை.

எங்கள் வீட்டிலிருந்து வடக்கே கொஞ்சத் தூரம் போனால், சண்டையால் பல வருடம் பூட்டிக் கிடந்து பிறகு திறந்துவிட்ட காணிகள் வரும். திரும்பி வந்தவர்கள் வீடு கட்டிவிட்டார்கள். வராதவர்களின் காணிகளில் வேம்பும் விளாத்தியும் ஈச்சையும் அடைத்து வளர்ந்திருக்கின்றன. வேலிக்கு நட்ட பூவரசங்கதியால்கள் எல்லாம் பெருமரமாகிவிட்டன. கண்ணிவெடி அகற்றி முடித்த பகுதிக்குள் மட்டும்தான் ஓடுவேன். கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் அதைக் கரைத்துக் கரைத்து, நிலத்துக்கடியில் பொந்தும் குகையுமாக ஆக்கி வைத்திருக்கிறது. சில இடங்களில் மேல்மண் திடீரென்று உள்ளே இறங்கிக் குழியாகிவிடும். இதை இருபத்தைந்து வருடமாகக் கரும்பலகையில் கீறிக் காட்டியிருக்கிறேன். ஆனால் அந்தக் கல்லின் மேல் சில்லு ஏறி இறங்கும்போது பல்லெல்லாம் ஆடுகிற சுகத்தை எந்த மாணவனுக்கும் விளங்கப்படுத்த முடியாது.

மனைவிக்குச் சீனி வருத்தம். போன வருடம் கால் பெருவிரலில் பட்ட ஒரு சின்னக் காயம் ஆறுவதற்கு மூன்று மாதம் எடுத்தது. விரலை எடுக்கவேண்டி வருமோ என்று இருவரும் பயந்துபோய் இருந்தோம். ஆறிய பிறகு, உடம்பு அசைய வேண்டும் என்று டொக்டர் சொன்னார். "நானும் உங்களோடை வாறன்" என்றாள். பழைய கியர் சைக்கிள் ஒன்று தேடி வாங்கினோம்.

சந்தோஷப்பட்டேன். ஆனால் முதல்நாளே எரிச்சலும் பட்டேன். அவள் சைக்கிள் ஓடவில்லை, காடு பார்த்தாள். கறையான் புற்றைக் கண்டால் இறங்குவாள். விளாம்பழம் விழுந்து கிடந்தால் பொறுக்கிப் பைக்குள் போடுவாள். நான் ஒவ்வொரு வளைவிலும் காலூன்றி நின்று மணிக்கூட்டைப் பார்ப்பேன். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். நான் முன்னுக்குப் போய், பாதை முடிகிற பழைய கிணற்றடியில் நிற்பது. அவள் தன்பாட்டில் வருவது. போனைக் கொண்டுவா என்றால் கேட்கமாட்டாள். காட்டுக்குள்ளேயும் அது கத்த வேண்டுமா என்பாள்.

அது வெயில் காலம். நடுவில் எதிர்பாராமல் ஒரு மழை பெய்திருந்தது. அடுத்த ஞாயிறு காலை ஒரு வளைவு திரும்பியதும், போன கிழமை இல்லாத ஒரு குழி தடத்தின் நடுவே வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. பிரேக் பிடித்தேன். முன்சில்லு ஒரு சாண் தள்ளி நின்றது. இடுப்பளவு ஆழம், அடியில் கத்திமுனைக் கற்கள். உள்ளே இருந்து குளிர்காற்று வந்தது.

எங்கள் ஊரில் றோட்டில் பள்ளம் விழுந்தாலும், லொறி பழுதாகி நின்றாலும், பச்சைக் குழையோடு ஒரு கொப்பை முறித்து வைப்பார்கள். அதைக் கண்டால் சின்னப்பிள்ளையும் விலகிப்போகும். நானும் பூவரசில் பெரிய கொப்பாக ஒன்றை முறித்துக் குழிக்குள் நட்டேன். அவள் வரப் பத்து நிமிடம் ஆகும். நின்றிருக்கலாம். கொப்பு இருக்கிறதே என்று சைக்கிளில் ஏறி மிதித்தேன். அதற்கு அப்பால் தடம் இரண்டாகப் பிரிந்து, கிணற்றடிக்குக் கிட்ட மறுபடி சேரும். நான் இடப்பக்கத்தால் போனேன்.

கிணற்றடியில் நின்றேன். அரை மணித்தியாலம் ஆகியும் அவளைக் காணவில்லை. வழமையான எரிச்சல் வந்தது. அப்போது பக்கத்துப் பற்றைக்குள்ளிருந்து ஏழெட்டு ஆடுகள் வந்தன. பின்னால் தோளில் குழைக்கட்டோடு ஒரு பெண். என்னைவிட ஒரு ஐந்தாறு வயது மூத்தவ. அந்தக் கட்டுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த பூவரசங்கொப்பின் அடியில் வெள்ளைச் சேறு ஒட்டியிருந்தது.

"அக்கா, உந்தக் கொப்பு எங்கை எடுத்தனீங்கள்?"

"உங்காலை தடத்திலை, தம்பி. ஆரோ முறிச்சுக் குழிக்குள்ளை போட்டிட்டுப் போயிட்டினம். நல்ல குழை, ஏன் வீணாக்குவான் எண்டு தூக்கினன்."

"அது குழிக்கு அடையாளமா நான் வைச்சது."

அவ கட்டை இறக்கி வைத்தா. "றோட்டிலை வைச்சா அடையாளம் தம்பி. காட்டுக்கை வைச்சா ஆருக்குத் தெரியும்? உதுக்குள்ளை ஆடும் நானும்தானே திரியிறம்."

சைக்கிளில் ஒரு பெண்ணைக் கண்டீர்களா என்று கேட்டேன். காணவில்லை என்றா. அவவைக் கோபிக்க என்னிடம் ஒரு நியாயமும் இல்லை. சைக்கிளைத் திருப்பினேன்.

அவ்வளவு வேகமாக அந்தத் தடத்தில் நான் ஒருநாளும் ஓடியதில்லை. அந்தக் கூர்க்கற்களும் அவளுடைய கால்களும்தான் மனதில் நின்றன. அவள் எங்கேயாவது விழுந்து கிடக்கிறாளா என்று இரண்டு பக்கத்துப் பற்றைகளையும் பார்த்துக்கொண்டே மிதித்தேன். முன்னால் பார்க்கவில்லை.

"நில்லுங்கோ! மெல்ல, மெல்ல."

தடத்தின் நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். பிரேக் பிடித்துச் சறுக்கி அவளுடைய காலடியில் நின்றேன். அவளுக்குப் பின்னால் இரண்டு எட்டில் குழி. குழிக்கு அந்தப் பக்கம் அவளுடைய சைக்கிள் வேம்பில் சாய்ந்திருந்தது.

அவளை ஒரு கல்லில் இருத்திச் சப்பாத்தைக் கழற்றினேன். இரண்டு பாதங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காயம் இல்லை. நின்று நின்று வீங்கியிருந்தன.

"எவ்வளவு நேரமா நிக்கிறீர்?"

"அரை மணித்தியாலம் இருக்கும். மெல்லத்தானே வந்தனான், குழியைத் தூரத்திலேயே கண்டிட்டன். பூவரசமிலை உதிர்ஞ்சு கிடந்தது, பக்கத்திலை ஆட்டுப்புழுக்கை. நீங்கள் என்ன செய்திருப்பியள், பிறகு என்ன நடந்திருக்கும் எண்டு விளங்கிச்சுது."

"சுத்திக்கொண்டு கிணத்தடிக்கு வந்திருக்கலாமே."

"நான் ஒரு தடத்தாலை வர, நீங்கள் மற்றத் தடத்தாலை என்னைத் தேடி வந்தா? பயந்தா நீங்கள் முன்னுக்குப் பாக்கமாட்டியள்."

"அப்ப வேறை ஒரு கொப்பை முறிச்சு வைச்சிருக்கலாம். வெயிலுக்கை நிண்டு, காலும் வீங்கி…"

"வைச்சதை ஆட்டுக்குக் கொண்டுபோயிட்டினமெல்லோ. என்னை ஒருத்தரும் தூக்கிக்கொண்டு போகமாட்டினம்."

சிரிக்க வேண்டிய கதை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்காகப் பத்து நிமிடம் நிற்க நான் மனம் வைக்காத இடத்தில், எனக்காக அவள் அரை மணித்தியாலம் நின்றிருக்கிறாள்.