சாயத் தண்ணீரோடு எலெக்ட்ரானிக் சிட்டிக்கு

காலை 11.10. விடியுமுன் ஈரோட்டில் ஏறிய பஸ் எலெக்ட்ரானிக் சிட்டியில் என்னை இறக்கிவிட்டது. வழியெல்லாம் மடியில் ஒரு கூல்டிரிங்க் பாட்டில். உள்ளே என் சாயப்பட்டறைக் கழிவு. பார்வைக்கு அசல் திராட்சை ஜூஸ். மூன்று மாதத்துக்குள் இதைச் சுத்தம் செய்ய ஏற்பாடு செய்யாவிட்டால் பட்டறைக்குச் சீல் என்று நோட்டீஸ். இங்கே ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி ஒரு சொட்டுக் கழிவுநீரைக்கூட வெளியே விடுவதில்லையாம். அங்கே வேலை பார்க்கும் மச்சானைப் பிடித்து, அதைப் பார்க்க அனுமதி வாங்கியிருந்தேன்.

கேட் வரை ஆட்டோ, இருபது ரூபாய்.

"இன்டர்வியூவா சார்? இந்த வயசுலயா?" என்றார் டிரைவர், என் வழுக்கையைக் கண்ணாடியில் பார்த்தபடி.

11.30. காவலாளி பாட்டிலைத் தட்டினார். "ஒரு மடக்கு குடிச்சுக் காட்டுங்க சார். ரூல்ஸ்."

"இது குடிக்கறதில்லீங்க."

"பின்ன?"

"சாயக் கழிவுங்க."

அவர் இரண்டடி பின்வாங்கினார். யாரும் கேட்காமலே நான் இரண்டு கைகளையும் தூக்கினேன். நல்லவேளை, சுத்திகரிப்பு நிலையப் பொறியாளர் செல்வி ஓடிவந்தார். உள்ளூர்த் தொம்மலூர்த் தமிழர்.

"விடுண்ணா, நம்ம விசிட்டர்தான்."

12.00. கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு செல்வியோடு நிலையத்துக்குள் போனேன்.

"கர்ச்சீப்பை எடுங்க சார். ஸ்மெல் எங்க இருக்கு?"

இல்லைதான். முதல் தொட்டியில் கறுப்பாக நுரைத்த தண்ணீர், தொட்டிக்குத் தொட்டி வெளுத்து, கடைசியில் தரை தெரிய நின்றது. அதில் மீன்கள்! ஆயிரக்கணக்கானோர் கழிப்பறையில் விட்ட தண்ணீர் புல்வெளிக்கும், மறுபடி கழிப்பறைக்குமே போகிறது. திறந்த வாயை மூட மறந்தேன். இருபத்திரண்டு வருடம் தண்ணீரை வெளியே தள்ளத்தான் எனக்குத் தெரியும். திரும்ப அழைக்கலாம் என்று தோன்றியதே இல்லை.

உற்சாகத்தில் பாட்டிலைத் திறந்தேன். "ஒரு மூடி ஊத்திப் பாக்கலாங்களா அம்மணி?"

செல்வி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "ஐயோ சார்! உள்ள வேலை செய்யறதெல்லாம் பாக்டீரியா. அது செத்தா நாளைக்கு மொத்த கம்பெனியும் என்னைத் தேடி வரும். உங்க சாயத்துல உப்பு ஜாஸ்தி சார், அது தாங்காது. உங்களுக்கு இந்த பிளான்ட் ஆகாது."

நான் பாட்டிலை மூடினேன். "அப்ப பூட்டிர வேண்டியதுதானுங்களா?"

"வேற பிளான்ட் இருக்கு. தனி ஆளால முடியாது. உங்க தெருவுல எத்தனை பட்டறை?"

"பதினொண்ணுங்க."

"பதினொரு பேரும் சேர்ந்து ஒண்ணு கட்டுங்க."

"பக்கத்துப் பட்டறைக்காரர்கிட்ட நான் பேசி ஆறு வருசமாச்சுங்க. ஓடையில போற செவப்பு யாரோடதுன்னு சண்டை."

"இங்க அத்தனை பில்டிங் டாய்லெட் தண்ணியும் ஒண்ணா ஓடுது. உங்களுக்கென்ன சார்?"

3.20. ஓசூர் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்துக்கு எதிரே எஸ்.டி.டி. பூத். இரண்டு முறை எண்ணைச் சுழற்றி, மணி அடிக்குமுன் வைத்துவிட்டேன். பூத்காரர் முறைத்தார். மூன்றாம் முறை மறுமுனையில் குரல் கேட்டது.

"அண்ணா, நாந்தானுங். பக்கத்துப் பட்டறை."

என் பஸ் வந்தது; போகட்டும் என்று விட்டேன்.

"தம்பி," என்றார் அவர் மெதுவாக, "உனக்கும் நோட்டீஸ் வந்துருச்சா?"