லாரியின் நெற்றியில் சந்தனம்

திருமுடிவாக்கத்தில் ஒரு லாரி ஒர்க் ஷாப்பில் இருபது வருடமாக மெக்கானிக்காக இருக்கிறேன். இன்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு மிதப்பு. அந்த மிதப்பை முதலாளி ஒரே நிமிடத்தில் இறக்கிவிட்டார். எதிரே ஆள் வந்தால் தானாகவே பிரேக் போடும் புது லாரிகள் சர்வீசுக்கு வர ஆரம்பித்திருந்தன. "இனிமே சர்டிபிகேட் இருக்கிறவன்தான் அதுல கை வைக்கணும். பழைய வண்டியெல்லாம் ஓயுற வரைக்கும்தான் உனக்கு இங்க வேலை" என்றார்.

அதனால் நாற்பத்தாறு வயதில் தோளில் பையை மாட்டிக்கொண்டு, தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி மறைமலை நகருக்கு மூன்று மாதம் வகுப்புக்குப் போனேன். சொல்லிக்கொடுத்த மேடம் என் மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். நான் ஸ்பானரைத் தொட்டாலே, "சார், முதல்ல லேப்டாப்" என்பார். முதல் வாரம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே விஷயத்தை நாலு தரம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் சொன்னார் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

இரண்டு பேருக்கு ஒரு லாரி. என் ஜோடி கேளம்பாக்கத்தில் பேட்டரி கடையில் வேலை பார்த்தவர். எல்லாரையும்போல நானும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவேன். ஒயரிங் அவர் பொறுப்பு, இரும்பு வேலை என் பொறுப்பு என்று நாங்களே பிரித்துக்கொண்டோம்.

ஆயுத பூஜை அன்று எங்கள் லாரியைக் கழுவியது நான்தான். முன்பக்க பம்பரின் நடுவே கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதன் மேல் மூன்று விரலால் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். சந்தனத்தில் கஞ்சத்தனம் எனக்குப் பிடிக்காது. எதிரே இருப்பதைப் பார்க்கிற ரேடார் அந்த மூடிக்குப் பின்னால்தான் இருக்கிறது என்று தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் பொட்டு வைக்கும்போது அது என் கண்ணுக்கு லாரியின் நெற்றியாகத்தான் தெரிந்தது. பாய் பொரி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு சிரித்தபடி பைக்கில் கிளம்பினார்.

இரண்டு நாள் கழித்து கடைசிப் பரீட்சை. ரேடார் நேராகப் பார்க்கிறதா என்று லேப்டாப்பில் சரிபார்த்து, பிறகு லாரியை ஓட்டிக்காட்ட வேண்டும். சரிபார்க்க மூன்று வாய்ப்புதான். மூன்றும் போனால் ஆறு மாதம் கழித்து வரும் அடுத்த வகுப்பில்தான் பரீட்சை. அதுவரை முதலாளி எனக்காகக் காத்திருக்க மாட்டார்.

பாய் தாளைப் பார்த்து வாசித்தார். "மூடி மேல அழுக்கு இருக்கா?"

குனிந்து பார்த்தேன். "சுத்தமா கீது பாய், டிக் போடு."

அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு டிக் போட்டார்.

லேப்டாப்பில் சிவப்பு வந்தது. மறுபடி போட்டோம், மறுபடியும் சிவப்பு. மேடம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சை என்பதால் வாய் திறக்கவில்லை. "இன்னாடா இது பேஜாரு!" என்று கத்திக்கொண்டே, ரேடாரையே கழற்றிவிடலாம் என்று ஸ்பானரை எடுத்தேன். பாய் என் கையைப் பிடித்தார்.

"அதைக் கழட்டாதீங்க அண்ணா. மேல இருக்கிற சந்தனம்தான்னு நினைக்கிறேன்."

"முதல்லயே சொல்றதுக்கு இன்னா பாய்?"

"உங்க சாமி விஷயம். பூஜை போட்டு ரெண்டு நாள்தான் ஆவுது. நான் எப்படித் துடைங்கன்னு சொல்றது?"

அது அவருக்கும்தான் பரீட்சை. இரண்டு சிவப்பும் அவர் கணக்கிலும்தான் விழுந்திருந்தன. ஈரத்துணியால் துடைத்தேன், பொருக்குத் தட்டிய சந்தனம் கட்டி கட்டியாக உதிர்ந்தது. மேடத்திடம் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "டிக்கை அடிச்சிட்டு சரியா எழுதுங்க சார். இன்னொரு தடவை இருக்கு" என்றார்.

மூன்றாவது தடவை பச்சை வந்தது.

பிறகு ஓட்டம். எதிரே ஆள் உயரத்துக்கு ஒரு பஞ்சு பொம்மை. பிரேக்கில் கால் பட்டால் ஃபெயில். பொம்மை நெருங்க நெருங்க என் வலது கால் தானாகவே பிரேக் பக்கம் நகர்ந்தது. பக்கத்து சீட்டிலிருந்த பாய் என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினார். "நிக்கும்ணா." எங்கள் இருவரையும் முன்னால் தள்ளி உலுக்கிவிட்டு லாரி தானாகவே நின்றது. பொம்மை நின்ற இடத்தில் அப்படியே இருந்தது.

இன்றைக்கு எங்கள் ஒர்க் ஷாப்பில் அந்தப் புது லாரிகளைத் திறக்கிறவன் நான்தான். அந்த மேடத்துக்கும் பாய்க்கும் நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை, இங்கே எழுதுகிறேன்.

அன்று பரீட்சைத் தாளில் மேடம் கையெழுத்துப் போட்டதும் பாயைத் தேடினேன். குழாயடியில் சந்தனம் துடைத்த துணியை ஒரு வாளியில் அலசிக்கொண்டிருந்தார். மஞ்சளாக நின்ற தண்ணீரைச் சுவரோரம் இருந்த வேப்பமரத்துக்கு எடுத்துப்போய் மெதுவாக ஊற்றினார். "கால் படாத இடமா பார்த்து ஊத்திட்டேன் அண்ணா" என்றார்.

நான் அந்தத் துணியை அவசரத்தில் ஆயில் கந்தல் டப்பாவில் வீசியிருந்தேன்.