திரை நிறையப் படம்

என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், ஓர் அச்சகத்தில் முதல் தாள் பார்ப்பவர். மருந்துப் பெட்டியோ பிஸ்கட் உறையோ, மெஷினிலிருந்து வரும் முதல் தாளை அவர் லென்ஸ் வைத்துப் பார்த்துத் தலையாட்டினால்தான் மற்றவை ஓடும். ஓரத்தில் மயிரிழை அளவு கூடுதலாக வெட்டுப்பட்டிருந்தாலும் கட்டு முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுவார். “என் கண்ணுக்குத் தப்பி ஒண்ணும் போகாது” என்பார். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது.

வீட்டில் அந்தக் கண்ணுக்குத் தீனி சினிமா டிஸ்க்குகள். அலமாரி நிறைய வைத்திருக்கிறார். விரல் பட்டுவிடாமல் விளிம்பைப் பிடித்துத்தான் எடுப்பார். அந்தப் பக்குவத்தில் கால்வாசியை அக்காவிடம் காட்டியிருக்கலாம். நெட்டில் வரும் படம் என்றாலே முகம் கோணும்.

“மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை போட்டுப் பாதிப் படத்தை மறைச்சுடறான். என் டிஸ்க்கைப் பாரு, திரை நிறைய இருக்கு.”

அக்காவுக்கும் ஒரு சினிமாக் கதை உண்டு. அவள் கல்லூரியில் படித்தபோது ரயில் நிலையத்தில் படப்பிடிப்பு நடந்தது. கூட்டத்துக்கு ஆள் போதவில்லை என்று இவளையும் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். ரயில் கிளம்பும்போது கையிலிருந்த மஞ்சள் குடையை ஆட்டச் சொன்னார்களாம். கல்யாணமான புதிதில் அதை ஆசையாக அத்தானிடம் சொன்னாள். மனிதர் அந்தப் படத்தின் டிஸ்க்கைத் தேடிப் பிடித்து வாங்கி வந்தார். சொந்தக்காரர்களை உட்கார வைத்து, நிறுத்தி நிறுத்தி, முகம் முகமாகப் பார்த்தார். குடையும் இல்லை, அக்காவும் இல்லை.

“ஆசை இருக்க வேண்டியதுதான். அதுக்காக இப்படியா அளப்பே?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று பிடித்தது சனி. காஸ் தீர்ந்துவிட்டது என்று சொன்னாலும், வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொன்னாலும், “இதுவும் குடைக் கதையா?” என்பார். அவர்களுடைய மகள் பேசக் கற்றதும் அவளும் அதையே சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் வாயைத் திறந்தால் அக்கா என் கையைப் பிடித்து அழுத்திவிடுவாள். போகப் போக அவள் எதையும் அடித்துச் சொல்வதை விட்டுவிட்டாள். பால் திரிந்துவிட்டதா என்று கேட்டால்கூட, “நீயே பார்த்துச் சொல்லேன்” என்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது, மகள் அகலமான புது டிவி ஒன்று வாங்கி வந்து பழைய டிவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

“ரெண்டுலயும் ஒரே சீனைப் போடலாம்ப்பா. எது நல்லாயிருக்குன்னு தெரிஞ்சுடும்.”

புகை, இருட்டு, கூட்டம் எல்லாம் சேர்ந்த காட்சிதான் சரியான பரீட்சை என்று அத்தான் அந்த ரயில் காட்சியையே எடுத்தார். பழையதில் டிஸ்க், புதியதில் நெட். உண்மையைச் சொல்ல வேண்டும், டிஸ்க்தான் ஜெயித்தது. அதில் புகை புகையாக இருந்தது. நெட்டில் கட்டம் கட்டமாக உடைந்தது. கரி படிந்த எஞ்சின் டிஸ்க்கில் தனியாகத் தெரிந்தது; நெட்டில் இருட்டோடு இருட்டாக அப்பிக்கிடந்தது. அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டையும் நிறுத்திவிட்டு லென்ஸைக்கூட எடுத்துவந்துவிட்டார்.

“அப்பா,” என்றாள் மகள். “இந்த ஓரத்துல நிக்கறது யாரு?”

புது டிவியின் இடது ஓரத்தில் ஒரு பெண் மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அக்காவின் அந்த நெற்றியும் ஒருபக்கச் சிரிப்பும் வேறு யாருக்கும் கிடையாது. பழைய டிவியில் அந்த ஓரமே இல்லை. அவளுக்கு அடுத்து நின்ற மூட்டைக்காரனிலிருந்துதான் படம் ஆரம்பித்தது.

“பழைய டிவிக்குப் பொருந்தணும்னு டிஸ்க்குல ரெண்டு பக்கமும் வெட்டிட்டாங்கப்பா. இதுலதான் முழுப்படம். அகலமா இருக்கறதாலதான் மேலயும் கீழயும் பட்டை வருது,” என்றாள் மகள்.

அத்தான் லென்ஸைத் திரையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். “வெட்டியிருக்கான்... ஓரத்தை வெட்டியிருக்கான்,” என்று முணுமுணுத்தார்.

சத்தமே இல்லையே என்று அக்கா சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். நான்கு வார்த்தை நறுக்கென்று கேட்பாள் என்று நான் காத்திருந்தேன்.

“அடிச்சுச் சொல்லியிருக்கலாமே நீ,” என்றார் அத்தான்.

“சொன்னேனே. நீங்க பார்த்துட்டு இல்லைன்னீங்க.” அக்கா திரைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். “அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சுங்க. நான் அங்கே போகவே இல்லை, பொய்தான் சொல்லிட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.”

மகள் ரிமோட்டை எடுத்தாள்.

“அணைச்சுடாதேம்மா,” என்றாள் அக்கா. “இன்னும் கொஞ்சம் பார்த்துக்கறேன்.”