ஹவில்தார் கணக்கு வாத்தியார் ஆகிறார்

கரும்பலகையின் மூலையில் தேதியை எழுதிவிட்டு, திரும்பாமலே ஆறு அடி பின்னால் எடுத்து வைத்து, எழுத்துகள் ஒரே வரிசையில் நிற்கின்றனவா என்று பார்க்கிறார் நல்லகாமன். ஒரு எண் சற்றே கீழே இறங்கியிருந்தாலும் போய் அழித்துவிட்டு மறுபடி எழுதுவார். அடுத்தது பெஞ்சுகள். ஒவ்வொன்றையும் முழங்காலால் தள்ளித் தரையில் உள்ள சிமெண்டுக் கோட்டோடு சேர்ப்பார். முதல் மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம் இருக்கும். அந்த நேரத்தில் பள்ளியில் அவரையும் கேட்டைத் திறந்துவிட்ட வாட்ச்மேனையும் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.

வயது நாற்பத்து மூன்று. அதில் இருபத்தோரு வருடம் பட்டாளத்தில், சிக்னல்ஸ் பிரிவில் கழிந்தது. ஹவில்தாராக ஓய்வுபெற்று வந்தவர் இப்போது பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எட். இரண்டாம் வருடம் படிக்கிறார். அதற்கான பயிற்சிக்குத்தான் திருநகர் தாண்டி இருக்கும் இந்தப் பள்ளிக்குப் பழங்காநத்தத்திலிருந்து பஸ் ஏறி வருகிறார். கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். முதல் வாரம் அவரை 'சார்' என்று கூப்பிட்டார்கள். பேராசிரியர் என்று நினைத்து இரண்டு பேர் எழுந்துகூட நின்றார்கள். தல்லாகுளத்திலிருந்து வரும் மதுவந்திதான் முதலில் 'அண்ணே' என்றாள். அப்புறம் வகுப்பு முழுவதற்கும் அவர் அண்ணன் ஆகிவிட்டார்.

அவருடைய ஊர் செக்கானூரணிக்கு மேற்கே. போகும்போதெல்லாம் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். "பென்சன் வருது, கெணத்துல தண்ணி கெடக்கு. இன்னும் எதுக்குப்பா பையத் தூக்கிட்டுத் திரியிற?" அவர் சிரித்துக்கொண்டே, "சும்மா இருக்க ஒடம்பு கேக்கல மாமா" என்பார். உண்மைக் காரணம் வேறு. பட்டாளத்தில் இருந்தபடியே தபால் வழியில் பி.எஸ்ஸி. கணிதம் படித்தவர் அவர். அல்ஜீப்ராத் தாளில் மூன்று முறை தோற்றார். புத்தகத்தில் ஒரு பக்கம், அதில் நடுவில் ஒரு வரி. அந்த வரியிலிருந்து அடுத்த வரிக்கு எப்படிப் போனார்கள் என்று இரண்டு வருடம் அவருக்கு விளங்கவில்லை. பனிமலையில் யாரிடம் போய்க் கேட்பது? நான்காவது முறை அந்த இரண்டு வரியையும் அப்படியே மனப்பாடம் செய்து எழுதித் தேறினார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'மிலிட்டரி சார்'. அவர் வராந்தாவில் வரும்போதே ஏழாம் வகுப்பு பி பிரிவு அடங்கிவிடும். கணக்கைப் போட்டுக் காட்டி, "வெளங்குச்சா?" என்பார். முப்பத்தெட்டுக் குரல்கள் ஒன்றாக, "வெளங்குச்சு சார்" என்று சொல்லும். அந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்கும். பயிற்சி ரெஜிமெண்டில் புது ஆட்களுக்கு ஃபோன் லைன் இழுக்கக் கற்றுக்கொடுத்தபோது கேட்ட அதே சத்தம். பக்கத்து வகுப்பில் மதுவந்தி தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருப்பாள். இடைவேளையில் வந்து, "எப்பிடிண்ணே ஒங்களுக்கு மட்டும் இம்புட்டு அமைதியா இருக்காங்க?" என்று கேட்டபோது, அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றாவது வாரம் பின்னங்கள் நடத்தி முடித்து ஒரு சின்னத் தேர்வு வைத்தார். இரண்டில் ஒன்றையும் மூன்றில் ஒன்றையும் கூட்ட வேண்டும். விடை ஆறில் ஐந்து. பதினோரு பேர், மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தார்கள். மேலே கிடந்த தாள் வர்ஷினியுடையது. அவளைப் பலகைக்கு அழைத்தார்.

"இப்பிடிக் கூட்டச் சொல்லி ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"சார், மார்க்குல..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"எதுத்துப் பேசாத. சரியான விடைய பத்துத் தடவ எழுதிட்டுப் போயி உக்காரு."

அவள் எழுதினாள். பத்தும் ஒரே அளவில், நேராக இருந்தன. பத்தாவதை எழுதும்போது அவளுடைய தோள் குலுங்கியதை வகுப்பு பார்த்தது. அவர் வேறு தாளைத் திருத்திக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த தேர்வில் வர்ஷினி வெறும் தாளைக் கொடுத்தாள். பெயர், பிரிவு, தேதி மட்டும் இருந்தன. அதற்கடுத்த தேர்விலும் அப்படியே. வகுப்பு ஆசிரியை தாமரைச்செல்வி, நல்லகாமனை விடப் பதினான்கு வயது சிறியவர், அவருடைய பயிற்சியைக் கவனித்து மதிப்பெண் போட வேண்டியவரும் அவர்தான். ஆசிரியர் அறையில் அந்த இரண்டு தாள்களையும் மேசையில் அருகருகே வைத்தார்.

"சார், போன வருசம் இந்தப் பிள்ள கேள்வி கேட்டே என் உசிர வாங்கும். இப்ப வாயத் தெறக்க மாட்டேங்குது. ஏன் அப்பிடிக் கூட்டுனேன்னு அவகிட்டக் கேட்டீங்களா?"

"தப்புக்கு ஏன்னு என்ன மேடம் இருக்கு? தப்புன்னா தப்புதான்."

"கேட்டுப் பாருங்க சார்."

அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் மேலதிகாரி சொன்னதைச் செய்துதான் பழக்கம். மதியம் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்த வர்ஷினியைக் குழாயடியில் போய்க் கேட்டார். அவள் ஈரத்தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு விறைப்பாக நின்றாள்.  தட்டிலிருந்து தண்ணீர் வழிந்து அவளுடைய சட்டை நனைந்துகொண்டிருந்தது. அவள் அவருடைய பெல்ட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவளுடைய கண் உயரத்துக்கு அதுதான் இருந்தது. குழாயடித் திண்டில் உட்கார்ந்தார்.

"நான் திட்ட மாட்டேன். எனக்குத் தெரியணும், அதுக்குத்தான் கேக்கேன்."

தட்டைத் திண்டில் வைத்துவிட்டு அவள் சொன்னாள். "தாமரைச்செல்வி டீச்சர் திங்கக்கெழம ரெண்டு கேள்வி கேட்டாங்க, நான் ஒண்ணு ரைட்டு. செவ்வாக்கெழம மூணு கேள்வி, அதுலயும் ஒண்ணு ரைட்டு. ரெண்டையும் கூட்டி அஞ்சுக்கு ரெண்டுன்னு நோட்டுல போட்டாங்க. அதான் சார்."

தப்பு என்று சொல்ல வாயெடுத்தார்.  இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று, மொத்தம் ஐந்துக்கு இரண்டு. சரியாகத்தானே இருக்கிறது? பி.எஸ்ஸி. படித்த தலைக்குள் அவர் தேடிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. "போய்ச் சாப்பிடு" என்றார், அவள் சாப்பிட்டு முடித்திருந்தாள் என்பதை மறந்து.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் மதுவந்தியிடம் கேட்டார்.

"மீ.சி.ம. எடுக்கணும்னு சொல்லிருங்கண்ணே" என்றாள் அவள்.

"எப்பிடிக் கூட்டணும்னு அந்தப் பிள்ள கேக்கலம்மா. தான் போட்டது ஏன் தப்புன்னு கேக்குது."

மதுவந்தி யோசித்தாள். "தெரியலண்ணே" என்றாள் மெல்ல. "எனக்கும் யாரும் சொல்லித் தந்ததில்ல."

பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், பழங்காநத்தம் வந்ததையும் போனதையும் கவனிக்கவில்லை. பெரியார் நிலையத்தில் கண்டக்டர் தோளைத் தொட்டு இறக்கிவிட்டார். வந்த வழியே நடந்தார். மார்க்கில் ஒவ்வொரு கேள்வியும் புதுக் கேள்வி. இரண்டு கேள்வி ஐந்தாகும்போது மொத்தமும் பெருகிவிடுகிறது. பின்னத்திலோ முழுசு என்பது ஒன்றேதான், அது பெருகுவதில்லை. டி.பி.கே. ரோட்டில் ரயில்வே பாலத்துக்கு அடியில் நடக்கும்போது அவருக்கு இது விளங்கியது. கூடவே, அந்தப் பிள்ளையின் தோள் குலுங்கியதும் ஞாபகம் வந்தது. அன்றைக்குப் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். பார்த்திருக்கிறார்.

மறுநாள் அவருடைய பாடக்குறிப்பேட்டில் முக்கோணம் என்று இருந்தது. அதை மூடி வைத்துவிட்டு, பலகையில் ஐந்தில் இரண்டு என்று எழுதினார்.

"இது வர்ஷினி போட்ட விடை. இன்னும் பத்துப் பேரும் போட்டிருக்கீங்க. இது எங்க தப்பாகுதுன்னு நேத்து சாயங்காலம் வரைக்கும் எனக்கே தெரியாது. அன்னைக்கி அந்தப் பிள்ள சொல்ல வந்துச்சு. நான் கேட்டிருக்கணும். கேக்கல. அது என் தப்பு." வர்ஷினி சொன்ன மார்க்குக் கணக்கையும் சொன்னார். "இப்ப நீங்க சொல்லுங்க. ஏன் தப்பு?"

யாரும் பேசவில்லை. அந்த அமைதி அன்றைக்கு அவருக்குப் பொறுக்கவில்லை. கடைசியில், சன்னலோரம் இருந்த ஒரு பிள்ளை எழுந்திருக்காமலே சொன்னது: "சார், பாதிய விடக் கொறஞ்சுபோச்சு. பாதியோட இன்னும் கொஞ்சம் சேத்தா எப்பிடிக் கொறையும்?"

அதன் பிறகு வகுப்பின் அமைதி உடைந்தது. ஒருவன் உதாரணத்துக்கு இட்லியை இழுத்தான், ஒருத்தி நிலத்தை இழுத்தாள். மார்க்கும் இட்லியும் ஒன்றா என்று இரண்டு பெஞ்சுகள் சண்டை போட்டன. நான்கு பேர் பலகைக்கே வந்துவிட்டார்கள். வர்ஷினி மட்டும் பேசவில்லை. ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மணி அடிக்கப் போகும்போது மெதுவாகக் கேட்டாள்: "அப்ப டீச்சர் நோட்டுல போட்டது?"

"அதுவும் சரிதான். அது பின்னத்தக் கூட்டுறது இல்ல. ரெண்டு நாளையும் சேத்து எண்ணுறது."

அவள் தலையசைத்தாளா இல்லையா என்று தெரியவில்லை. அவர் "வெளங்குச்சா?" என்று கேட்கவில்லை.

கல்லூரியிலிருந்து மேற்பார்வைக்கு வந்த பேராசிரியர் அந்த வகுப்பு முழுவதும் வாசலில் நின்றிருக்கிறார். அவதானிப்புப் பதிவேட்டில் அவர் எழுதியது மூன்று வரி: பாடக்குறிப்புப்படி வகுப்பு நடைபெறவில்லை. மாணவர்கள் இடத்தை விட்டு எழுந்து திரிகின்றனர். வகுப்புக் கட்டுப்பாடு போதாது. நூற்றுக்கு ஐம்பத்தொன்று. இருபத்தோரு வருடப் பட்டாள வாழ்க்கையில் நல்லகாமனைப் பற்றி யாரும் அப்படி எழுதியதில்லை. கல்லூரியில் அந்த மாதம் அதுதான் ஆகக் குறைந்த மதிப்பெண். தாமரைச்செல்வி பேராசிரியரிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார். "வேண்டாம் மேடம். எழுதுனது எல்லாம் நடந்ததுதான்" என்று கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

பத்து நாள் கழிந்தது. கழித்தல் குறி உள்ள எண்களில் ஒரு தேர்வு. மதிய இடைவேளையில் ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தார். வர்ஷினியின் தாள் வந்தது. ஐந்து கேள்விக்கும் விடை எழுதியிருந்தாள். நான்கு சரி. ஐந்தாவது தப்பு, அதுவும் அவர் இதுவரை பார்த்தறியாத மாதிரியான தப்பு. சிவப்புப் பேனா தாளின் மேல் வந்து நின்றது. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். அந்த ஒரு தாளை மட்டும் எடுத்துக்கொண்டு, படியிறங்கி, பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்த வெயிலுக்குள் அவளைத் தேடிப் போனார்.