கையில் உறைந்த பால்

சித்தியவான் பக்கத்துத் தோட்டத்தில் காலையில் ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்து, மதியம் ஸ்டோரில் அதை உறையவைப்போம். அதற்கு ஊற்றும் ஆசிட் பார்க்கத் தண்ணீர்தான். மூடியைத் திறந்தால், எறும்பை நசுக்கிய நெடி மூக்கைத் துளைக்கும். அதை வாளி நிறைய தண்ணீரில் கொஞ்சமாகக் கலந்து பாலில் விட்டால், மறுநாள் தயிர்க்கட்டி போல நிற்கும். கையால் தட்டிப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை!

ஒருநாள் தண்ணீர் கலக்காத ஆசிட் என் வலது கையில் கொட்டிவிட்டது. கூட நின்ற அண்ணி பதறிப்போய், தொட்டியிலிருந்த பாலை அள்ளி என் கையில் ஊற்றினார்.

“ஐயோ அண்ணி, என்னா செய்றீங்க?”

“சும்மா இருடி! பாலு ஆசிட்ட இழுத்துக்கும் லா.”

பால் இழுக்கவில்லை. கையைச் சுற்றி உறைந்து, ஆசிட்டை உள்ளேயே பூட்டி வைத்தது. என் அலறல் கேட்டு, எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஓடிவந்தார்.

“பால உரிச்சுப் போட்டுட்டு கொழாயில காட்டுங்க!”

உரித்தபோது தோலும் சேர்ந்து வந்தது.

“வெரலு மடங்குமா?” அண்ணி அதையே கேட்டுக் கேட்டு அழுதார். மரம் சீவும் கத்தி பிடிக்கிற கையாயிற்றே.

புண் ஆறும்வரை தன் மரங்களோடு என் மரங்களையும் அண்ணியே சீவினார். கட்டு அவிழ்த்த அன்று கத்தியை என் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். விரல்கள் மெல்ல மடங்கின.

“இன்னிக்கு இது போதும் லா,” என்று கத்தியை வாங்கிக்கொண்டு, என் மரங்களை நோக்கி நடந்தார்.