எழும்பக்கூடாத நேரம்

"அம்மா, எழும்பாதீங்க! விக்கெட் விழுந்திரும்!" கண்டி வீட்டில் டிவி முன்னால் என் மகன் சிரித்தபடி கத்தினான். அடுப்படியிலிருந்து சோறு அடிப்பிடிக்கும் வாசம் வந்தது.

நான் வளர்ந்த ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்ட லயத்தில் என் அப்பாவுக்கும் இதே சட்டம்தான். மேட்ச் முடியும்வரை யாரும் இடம் மாறக்கூடாது. "குடும்பமா பாக்குற வெளையாட்டு" என்பார்.

அங்கேயும் ஒருநாள் சோறு தீய்ந்தது. அம்மா எழுந்தாள், அந்தப் பந்திலேயே விக்கெட் விழுந்தது. அப்பா உட்கார்ந்திருந்த கதிரையைத் தூக்கி அவள் முகத்தில் அடித்தார். கிழிந்த உதட்டிலிருந்து ரத்தம் சேலையில் ஒழுகியது.

"இருந்த எடத்துலயே இருடி!"

அம்மா உட்கார்ந்தாள். சோறு கருகியது. எங்கள் அணி ஜெயித்ததும் அப்பா எல்லோருக்கும் டொஃபி கொடுத்தார். அம்மாவுக்கும்.

இப்போது நான் எழுந்துபோய் அடுப்பை அணைத்தேன். விக்கெட் விழுந்தது.

"சொன்னேன்ல!" என்று மகன் ஓடிவந்து விளையாட்டாகக் கையை ஓங்கினான்.

என் இரண்டு கைகளும் தாமாகவே முகத்தை மூடிக்கொண்டன.