இரண்டு கதவுக் காரை ஏன் நிறுத்தினார்கள்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அண்ணா ஜப்பானில் இருந்து இறக்கிய பழைய கார் ஒன்றை வாங்கினார். இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, வேகத்துக்கென்று செய்த உடம்பு. முன்விளக்குகள் எஞ்சின் மூடியான பொனற்றுக்குள் மூடிக் கிடக்கும். சுவிட்சைப் போட்டால் எழும்பும்.
2. வலது விளக்கைத் தூக்கி இறக்கும் மோட்டர் பழுதாகத் தொடங்கியது. செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலில் அதை நான் நாலாவதாக எழுதினேன்.
3. நாலாவது வேலைக்கு வருமுன், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஒரு சோதனைச்சாவடியில் எங்களை நிறுத்தினார்கள்.
4. அண்ணாவைக் கொண்டுபோனார்கள். பதினொரு நாள்.
5. ஐந்து மாதம் கழித்து அண்ணா கனடாவுக்குப் போனார். கார் என்னிடம் நின்றது.
6. அந்தக் காரைச் செய்த கொம்பனி அதைச் செய்வதை நிறுத்தியது.
7. நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் வீட்டோடு வளவைத் தொடர்மாடி கட்டுகிறவர்களுக்குக் கொடுத்தார். மாத முடிவுக்குள் வீட்டை விடவும் காரை எடுக்கவும் சொன்னார்.

ஆறாவதற்கும் மற்றவற்றுக்கும் தொடர்பு இல்லை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் வாகனம் பற்றி டிப்ளோமா படித்தவள். வகுப்பில் ஒரே பெண். படிப்பு முடிந்ததும் வாகன இறக்குமதி நிறுவனம் ஒன்றின் உதிரிப்பாகப் பகுதியில் வேலை கிடைத்தது. தபாலட்டை அளவுள்ள ஃபிலிம் தாளை ஒரு வெளிச்சக் கருவிக்குள் வைப்பேன். ஒரு முழுக் கார் துண்டு துண்டாகப் பிரிந்து திரையில் தெரியும். ஒவ்வோர் ஆணிக்கும் ஓர் இலக்கம். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. எதையும் பிரித்து எழுதிவிட்டால் அது கைக்குள் வந்துவிடும் என்று அந்த வயதில் நம்பினேன்.

அண்ணாவின் காரை வீட்டில் எங்கள் இருவரைத் தவிர ஒருவருக்கும் பிடிக்கவில்லை. பின்சீற்றுக்குப் போக முன்சீற்றை மடிக்க வேண்டும். அதற்குள் ஏறுவது கட்டிலுக்குக் கீழே விளக்குமாறு தேடுவதுபோல இருக்கிறது என்பார் அம்மா. கொட்டாஞ்சேனையில் இருந்த சித்தி ஒரே ஒரு தடவை ஏறினார். இறங்கும்போது சேலை சீற்றுக் கொக்கியில் மாட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அவர் பஸ்ஸில்தான் வந்தார். அதனால் அந்தக் காரில் எப்போதும் இரண்டு பேர்தான். அண்ணா ஓட்டுவார், நான் பக்கத்தில் இருந்து சத்தம் கேட்பேன். எந்தச் சத்தம் எந்த இடத்தில் இருந்து வருகிறது என்று சொல்வது என் வேலை. கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகும் வீதியில் கடல்பக்கக் கண்ணாடியைத் திறந்துவிட்டு, வால்வு தட்டுகிறதா, பெயாரிங் போகிறதா என்று தர்க்கப்பட்டுக்கொண்டே போவோம். நான் சரியாகச் சொன்னால் பம்பலப்பிட்டியில் ஐஸ்கிறீம். பிழை என்றாலும் ஐஸ்கிறீம், ஆனால் வீடு வரைக்கும் நக்கலும் சேர்ந்து வரும்.

கொழும்பில் கார் ஓட்டிய எல்லோருக்கும் போர் நடந்த அந்நாளில் ஓர் ஒழுங்கு தெரியும். இருளத் தொடங்கிய பின் சோதனைச்சாவடியை நெருங்கினால் முன்விளக்கை அணைக்க வேண்டும், உள்விளக்கைப் போட வேண்டும், கண்ணாடியை இறக்க வேண்டும். மற்றக் கார்களில் விளக்கு அணைவது வெளியே ஓர் அசைவாகத் தெரியாது. எங்கள் காரில் இரண்டு இமை மூடும். வலது மோட்டர் சில நாட்களாகப் பாதியில் தயங்கியது. இறங்கும், பிறகு தானாக ஏறும், மறுபடி இறங்கும்.

அதை நாலாவதாக ஏன் எழுதினேன் என்பதற்கு எனக்குப் பதில் இருக்கிறது. வைப்பர் றப்பர், ஃபான் பெல்ற், சைலன்சர் பிடி ஆகிய மூன்றும் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அன்றே கிடைக்கும். மோட்டரைத் தேட வேண்டும். சாமான் கிடைக்கும் ஒழுங்கில் பட்டியல் போடுவது எங்கள் பகுதியில் வழக்கம். ஆபத்தின் ஒழுங்கில் போட்டிருந்தால் மோட்டர் முதலாவதாக வந்திருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை சித்தி வீட்டில் இருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். கோட்டைக்கு இந்தப் பக்கம் சாவடி. அண்ணா ஒழுங்குப்படி விளக்கை அணைத்தார். இடது விளக்கு மூடியது. வலது விளக்கு இறங்கி, ஏறி, இறங்கி, ஏறியது. முன்னால் நின்ற ஆமிக்காரன் இரண்டடி பின்னால் போய்த் துவக்கை உயர்த்தினான்.

“மொகத மே? காட்டத சிக்னல் தென்னே?”

இது என்ன, யாருக்குச் சைகை காட்டுகிறாய் என்றான். அண்ணாவுக்கு நல்ல சிங்களம் தெரியும். தெரிந்ததுதான் பிழையாகப் போயிற்று. சும்மா பழுது என்று சொல்லி நிறுத்தாமல், என் கார் உங்களைப் பார்த்துக் கண் அடிக்கிறது என்று சொல்லிச் சிரித்தார். துவக்கோடு நின்றவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் இறங்கிப் பொனற்றைத் திறந்து காட்டட்டுமா என்று கேட்டேன். அவர்களின் மேலாள் ஒருவர் ரோச் லைற்றோடு வந்தார். அந்த மோட்டரின் தலையில் சிறிய குமிழ் ஒன்று உண்டு. கரன்ற் இல்லாவிட்டால் விளக்கைக் கையால் திருகி ஏற்றவும் இறக்கவும் வைத்தது. நான் வயரைக் கழற்றிவிட்டு அதைத் திருகினேன். விளக்கு மெல்ல இறங்கியது. அவர் என்னை விலகச் சொல்லி, தானும் ஒரு தடவை திருகிப் பார்த்தார். அவருக்கு அது பிடித்திருந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். பிறகு அடையாள அட்டைகளைக் கேட்டார். பிறந்த இடம் யாழ்ப்பாணம். அண்ணா முதன்முதல் கொழும்புக்கு வந்தபோது சித்தி வீட்டில் தங்கியதால், கொழும்பில் தங்கும் தமிழர் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டில் கொட்டாஞ்சேனை முகவரி. வாயால் சொன்னது நாங்கள் இருந்த வெள்ளவத்தை. மாற்ற வேண்டும் என்று ஒரு வருடமாகக் கதைத்துக்கொண்டிருந்தோம். விளக்கை நம்பியவர் முகவரியை நம்பவில்லை.

காரை நான்தான் வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.

பதினொரு நாளில் விட்டார்கள். அண்ணா மெலிந்து வந்தார், அங்கே என்ன நடந்தது என்று கதைக்கவில்லை. அடுத்த நாள் காலை குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த என் பட்டியலைப் பார்த்தேன். நாலாவதற்கு நேரே அவருடைய கையெழுத்தில் ‘என்ர வேலை’ என்று இருந்தது. அதற்குள் அப்பா, அண்ணாவை வெளிநாட்டுக்கு அனுப்ப ஆட்களைப் பிடித்து அலுவல் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

புறப்படும் அன்று அண்ணா கார்த் திறப்பை என் கையில் தந்தார்.

“கிழமைக்கு ஒருக்கா ஸ்ராட் பண்ணு. மற்ற எல்லாம் நீ செய், எனக்குப் பயமில்லை. லைற்றில மட்டும் கை வையாதை. அதை நான் வந்து செய்யிறன்.”

ஓம் என்றேன்.

சனிக்கிழமைகளில் பற்றரித் தண்ணீர், எண்ணெய், ரயர்க் காற்று, பிறேக் பார்ப்பேன். பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவேன். வெள்ளவத்தைக் கடற்காற்று கதவின் அடிவிளிம்பைத் தின்னத் தொடங்கியது, சுரண்டிப் பூசினேன். வலது விளக்கு பாதி மூடியபடியே இருந்தது. தூசு துடைக்கும்போதுகூட அதைச் சுற்றித்தான் துடைத்தேன். மோட்டர் தேடுவதற்கு எனக்கு அப்போது வழி இருந்தது. எங்கள் நிறுவனத்தில் ஒரு தாளை நிரப்பினால் மூன்று மாதத்தில் வந்திருக்கும். நான் நிரப்பவில்லை. அது அண்ணாவின் வேலை. அந்த வேலை மிச்சமிருக்கும் வரை அவர் வர வேண்டும் என்று ஒரு கணக்கு. யாரிடமும் சொல்லக்கூடிய கணக்கு அல்ல.

பக்கத்து வீட்டு அன்ரி மதிலுக்கு மேலால் பார்த்து, எங்கேயும் போகாத காருக்கு இவ்வளவு குளிப்பாட்டா என்பார். கலியாணம் பேச வருகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்றும் சொல்வார்.

மூன்றாம் வருடம் வீட்டுச் சொந்தக்காரர் வந்து வளவைக் கொடுத்துவிட்ட செய்தியைச் சொன்னார். அப்பா நாற்காலியில் இருந்தபடி காரை விற்றுவிடு பிள்ளை என்றார். அம்மா குசினிக்குள் போனார்.

அடுத்த நாள் வேலைத்தலத்தில் அந்தக் காரின் ஃபிலிம் தாளை எடுத்தேன். விளக்கு மோட்டரின் இலக்கத்துக்குப் பக்கத்தில், இனி வழங்கப்படமாட்டாது என்பதற்கான குறி இருந்தது. அந்தக் குறியை நான் நாளுக்குப் பத்துத் தடவை பார்ப்பவள். வாடிக்கையாளர்களிடம் சாதாரணமாகச் சொல்பவள். அன்றைக்குக் கருவியை அணைத்துவிட்டேன். பிறகு ஜப்பானுக்கு ஒரு ஃபாக்ஸ் எழுதினேன். முதல் கேள்வி: எங்காவது ஒன்று மிஞ்சியிருக்கிறதா? இரண்டாவது கேள்வி வேலைக்குத் தேவையில்லாதது: இந்தக் காரை ஏன் நிறுத்தினீர்கள்?

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. மோட்டர் இல்லை. இரண்டாவது கேள்விக்கு, யாரோ ஒருவர் பொறுமையாக ஒரு பக்கம் எழுதியிருந்தார். யென்னின் மதிப்பு ஏறியதால் வெளிநாடுகளில் விலை கட்டுப்படியாகவில்லை. வேகக் கார் என்பதால் காப்புறுதி கூடுதல். எழும்பும் விளக்குக்கு மோட்டர், வயர், பாரம். சாதாரண விளக்கையே அழகாகச் செய்ய முடிந்த பின் அதற்குத் தேவை இருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அதை வாங்கிய இளம் ஆட்கள் பிள்ளைகுட்டிக்காரர் ஆனார்கள். அடுத்து வந்தவர்களுக்கு உயரமான வண்டிகள்தான் பிடித்தன. தன்னிடமும் ஒன்று இருந்தது என்றும், இரண்டாவது பிள்ளை பிறந்தபோது கொடுத்துவிட்டதாகவும், சில வேளை நினைத்துக்கொள்வதாகவும் கடைசியில் எழுதியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அண்ணா தொலைபேசி எடுப்பார். அங்கே சனி இரவு. அம்மா அப்பா கதைத்து முடித்த பின் வீட்டு விஷயத்தைச் சொல்லி, ஃபாக்ஸைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். விளக்குப் பகுதி வந்ததும் சிரித்தார்.

“அந்த ஆமிக்காரனுக்கு அப்பவே விளங்கியிருக்கு.”

மிச்சத்தையும் வாசித்தேன். பிள்ளைகுட்டி என்ற இடத்தில் அவர் சிரிக்கவில்லை. வயரில் கடல்போல ஓர் இரைச்சல் கேட்டது.

“அண்ணா, லைற்றை நான் செய்யட்டோ?”

நான் கேட்டது லைற்றைப் பற்றி அல்ல என்று அவருக்குத் தெரியும். தொழில்நுட்பம் படிக்காதவர், ஆனால் என் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவருக்கு எப்போதும் தெரியும்.

“செய்யம்மா,” என்றார். பிறகு, “நான் இஞ்ச ஒரு வான் எடுத்திட்டன். கதவு இழுத்துத் திறக்கிறது. அண்ணிக்கு இப்ப நாலு மாதம். அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை, உனக்குத்தான் முதல்.”

சந்தோஷம் என்று சொன்னேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. சீற்றை மடிக்கத் தேவையில்லாத வானில் ஏறி இறங்கும் அண்ணியை நினைத்துப் பார்த்தேன். அண்ணா கனடாவில் கட்டியவர், நான் படத்தில் மட்டும் பார்த்த முகம். அழைப்பு முடிந்த பின் தொலைபேசிப் பிடியை வைக்காமல் வைத்திருந்ததை அம்மா வந்து வாங்கி வைத்தார்.

மாத முடிவுக்கு முந்திய சனிக்கிழமை காரைக் கொட்டாஞ்சேனைக்கு ஓட்டிப் போனேன். சித்தி வீட்டு ஒழுங்கைக்கு எதிரே ஒரு முஸ்லிம் நானாவின் கராஜ் உண்டு. அவர் முன்னால் குந்தியிருந்து வலது விளக்கைத் தட்டிப் பார்த்தார்.

“இது கெடைக்காது தங்கச்சி. ரெண்டையும் மேல ஏத்தி இறுக்கிடுவோமா? கண்ண மூடாம பாத்துக்கிட்டே போகட்டும்.”

நானே செய்கிறேன் என்று ஸ்பனரை வாங்கிக்கொண்டேன். இரண்டு வயரையும் கழற்றினேன். வலது குமிழை உச்சிவரை திருகி, விளக்கைத் தூக்கும் கம்பியின் முட்டில் ஒரு தகட்டை வைத்துப் பூட்டினேன். இடதையும் அப்படியே. அரை மணி நேர வேலை. மூன்று வருடமும் அது அரை மணி நேர வேலையாகத்தான் இருந்திருக்கிறது.

திரும்பும் வழியில் அதே சாவடி. பின்னேரம், இன்னும் வெளிச்சம். நான் அட்டையைக் கொடுத்தேன். வேறு ஆள், என்னைவிட இளையவன். விளக்கு ஏன் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று கேட்டான். பழுது என்று மட்டும் சொன்னேன். போகச் சொன்னான்.

இன்றைய நிலை: கார் சித்தி வீட்டு வளவில் நிற்கிறது, நான் ஞாயிறுகளில் ஓட்டுகிறேன். நாங்களும் அங்கே குடிவந்துவிட்டோம், என் பொலிஸ் பதிவு கொட்டாஞ்சேனைக்கு மாற்றப்பட்டிருக்கிறது. நாலாவது வேலை வெட்டப்பட்டுவிட்டது. அண்ணாவுக்கு மகள் பிறந்திருக்கிறாள். அவர் வருவதாக இல்லை. பக்கத்துச் சீற்றில் ஆள் இல்லை. சத்தங்களை நானே கேட்கிறேன்.